தூரிகை யாருக்கு? மம்பட்டி யாருக்கு?



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் எலும்பு. மண்ணுக்குள் கிடக்கும் மனித எலும்பை எப்படி எடுப்பது, யார் எடுப்பது, எடுத்ததை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். தொல்லியலாளர்கள் பழங்காலக் குழிகளைத் தோண்டும் முறையைக் குற்றப் புலனாய்வுக்குக் கொண்டுவரும் அறிவுத்துறைக்குத் தடயத் தொல்லியல் என்று பெயர்.

இலக்கிய அரங்கில் இதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். 1948இல் வெளியான, தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றிய நூலின் முன்னுரையில் அம்பேத்கர் இதற்கு முன்பே விடை சொல்லி வைத்திருக்கிறார். நேரடி ஆவணம் இல்லாத மக்களின் வரலாற்றை எழுதுகிறவன், உடைந்த கற்களிலிருந்து நகரத்தை மீட்டெடுக்கும் தொல்லியலாளனைப் போலவும், சிதறிய எலும்பையும் பல்லையும் கொண்டு அழிந்துபோன உயிரினத்தை உருவாக்கிக் காட்டும் ஆய்வாளனைப் போலவும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்து. அவர் உவமையாகச் சொன்னதை நாம் இன்று நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறோம். பட்டாவிலும் கல்வெட்டிலும் பேர் ஏறாத மக்களுக்கு மண்தான் ஆவணம். அந்த ஆவணத்தை யார் திறக்கிறார்கள், எந்தக் கருவியால் திறக்கிறார்கள் என்பது நமக்கு உயிர்ப்பிரச்சினை.

நம் மாவட்டத்துத் தாழிகள்

முத்தையாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எலும்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தாமிரபரணிக் கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நூறு ஆண்டுகள் கழித்து 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடியும் தோண்டி, 160க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொண்டு வந்தது. சிவகளைத் தாழியில் கிடைத்த உமி அமெரிக்காவின் மியாமி நகரிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போனது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவர்களுடைய முகங்களை உருவாக்கின. 2025இல் அந்தப் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன.

இந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. அங்கே தினக்கூலிக்கு மண் சுமக்கிறவர்களில் நம் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். அங்கே வேலை நடக்கும் விதத்தை அவர்களிடம் கேளுங்கள். நிலத்தைச் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். ஒரு அடுக்கு முடியாமல் அடுத்த அடுக்குக்குப் போக மாட்டார்கள். தாழியின் விளிம்பு தெரிந்துவிட்டால் மம்பட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கொத்துக்கரண்டியை எடுப்பார்கள். எலும்பு தெரிந்தால் அதையும் வைத்துவிட்டுத் தூரிகையை எடுப்பார்கள். அள்ளிய மண் அத்தனையும் சல்லடைக்குப் போகும். ஒவ்வொரு படிக்கும் படம், அளவு, பதிவு.

இனி இன்னொரு காட்சி. ஒரு கிராமத்தில் ஓர் இளைஞனோ பெண்ணோ சந்தேகமான முறையில் இறந்து, அவசர அவசரமாகப் புதைக்கப்படுகிறார். அமைப்புகள் போராடி, மனுப் போட்டு, தோண்டியெடுக்க உத்தரவு வாங்குகின்றன. உண்மை அறியும் குழுக்களோடு போய் நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலும் நடந்தது இதுதான்: நான்கு பக்கமும் துணி கட்டுவார்கள். தாசில்தார் நாற்காலியில் இருப்பார். மருத்துவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். மயானத்தில் குழி வெட்டுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு மம்பட்டியும் கடப்பாரையும் கொடுத்து "சீக்கிரம் வெட்டுப்பா" என்பார்கள். ஆழம் கூடுதலாக இருந்தால் ஜேசிபி வரும். எலும்புகளை ஒரு சாக்கிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போடுவார்கள். மண்ணை அப்படியே உள்ளே தள்ளி மூடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

3,000 ஆண்டுக்கு முன் இறந்தவருக்குத் தூரிகை. மூன்று மாதத்துக்கு முன் இறந்தவருக்கு மம்பட்டி. இரண்டும் ஒரே மாநிலம், ஒரே அரசு. முன்னவருக்குக் காட்டும் மரியாதையைக் குறைக்கச் சொல்ல நாம் வரவில்லை. பின்னவருக்கும் அதே மரியாதை வேண்டும் என்பதுதான் இந்த உரையின் ஒரே கோரிக்கை.

மண் வைத்திருக்கும் கணக்கு

மரியாதை என்ற சொல்லோடு நிறுத்திவிட்டால் இது வெறும் உணர்ச்சிப் பேச்சாகிவிடும். தூரிகைக்கும் மம்பட்டிக்கும் இடையில் தொலைந்துபோவது சான்று. எப்படி என்று பார்ப்போம்.

உப்பளத்தில் பாத்தி கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மண் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒருமுறை குழி வெட்டினால் அந்த அடுக்குகள் அறுபடுகின்றன. திரும்ப மூடும்போது மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து உள்ளே போகின்றன. நிறம் மாறும், இறுக்கம் மாறும், ஈரம் மாறும். எத்தனை ஆண்டு ஆனாலும் கலந்த மண் பழைய அடுக்காகத் திரும்பாது. ஆகவே புதைகுழிக்கு ஒரு விளிம்பு உண்டு. பழகிய கண்ணுக்கு அது கோடு போட்டது போலத் தெரியும். குழியின் பக்கச் சுவரில் வெட்டிய கருவியின் தடமும் இருக்கும். மம்பட்டித் தடம் வேறு, இயந்திரப் பல்லின் தடம் வேறு. குழியைக் கையால் வெட்டினார்களா, பொக்லைன் வைத்து வெட்டினார்களா என்பது கொலையாளி யார், அவனுக்கு யாருடைய உதவி கிடைத்தது என்பதோடு சேர்ந்த கேள்வி. நாம் ஜேசிபியை இறக்கிய அடுத்த நிமிடம் அந்தத் தடம் அழிந்துவிடும்.

அடுத்தது, உடல் கிடந்த நிலை. உறவினர்கள் புதைத்த உடல் நீட்டிக் கிடத்தப்பட்டிருக்கும். தலை எந்தத் திசை, கால் எந்தத் திசை என்பதில் ஊர்வழக்கம் இருக்கும். வீசி எறியப்பட்ட உடல் குப்புறக் கிடக்கும், மடங்கிக் கிடக்கும், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். மணிக்கட்டு எலும்புகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் சேர்ந்து இருந்தால் கைகள் கட்டப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க இடம் உண்டு. கயிறு மக்கிப்போனாலும் எலும்பு இருந்த இடம் அதைச் சொல்லும். எலும்பை இடத்தைவிட்டு எடுத்துச் சாக்கில் போட்டுவிட்டால் அந்தச் செய்தி போய்விடும். உலகத்தின் எந்த ஆய்வகத்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மூன்றாவது, சிறியவை. வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள். அதில் ஒரு கையில் மட்டும் 27. ஒரு பாதத்தில் 26. கழுத்தை நெரித்தால் உடையக்கூடிய நாவடி எலும்பு சின்னஞ்சிறியது. தோட்டாத் துண்டு, சட்டைப் பொத்தான், குழந்தையின் பால்பல், காதில் போட்ட கம்மல் இவை எல்லாம் மம்பட்டி மண்ணோடு போகும், சல்லடையில்தான் நிற்கும்.

நான்காவது, காலம். குழிக்குள் எலும்போடு சேர்ந்து, கலக்கப்படாத மண்ணில், 1992ஆம் ஆண்டு நாணயம் ஒன்று கிடந்தால் அந்தக் குழி 1992க்கு முன் மூடப்பட்டிருக்க முடியாது. பிஸ்கட் உறைக்கும் மருந்துப் புட்டிக்கும் இதே தர்க்கம்தான். ஆனால் அந்த நாணயம் குழிக்குள்ளேதான் இருந்தது, மேலிருந்து விழவில்லை என்று நிறுவ வேண்டும். அடுக்கைப் பதிவு செய்தவரால் மட்டுமே அதை நிறுவ முடியும்.

இவற்றுக்குப் பிறகுதான் ஆய்வகம். இடுப்பெலும்பில் ஆணா பெண்ணா, எலும்பு முனைகள் ஒட்டியதில் வயது, தொடையெலும்பின் நீளத்தில் உயரம், மண்டையோட்டோடு புகைப்படத்தைப் பொருத்திப் பார்ப்பது, உறவினர் ரத்தத்தோடு டிஎன்ஏ ஒப்பீடு எல்லாம் பின்னால் வருகின்றன. குழியில் செய்த பிழையை ஆய்வகத்தில் திருத்த முடியாது.

மாணவர்கள் தொடங்கிய வேலை

இந்த அறிவு மேலிருந்து அரசுகள் கொடுத்ததா? அர்ஜென்டினாவைப் பாருங்கள். 1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி. காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 9,000 பேரை அரசு ஆணையமே ஆவணப்படுத்தியது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. ஆட்சி விழுந்ததும் நீதிபதிகள் புதைகுழிகளைத் தோண்ட உத்தரவிட்டார்கள். இயந்திரங்கள் வந்தன. எலும்புகள் உடைந்தன, கலந்தன, குவியலாக வெளியே வந்தன. நாம் மேலே சொன்ன அதே காட்சி.

பேரப்பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த பாட்டிமார்கள் இதை ஏற்கவில்லை. அவர்களும் ஆணையமும் கேட்டுக்கொண்டதால் 1984இல் அமெரிக்கத் தடய மானுடவியலாளர் கிளைடு ஸ்னோ போனார். அனுபவம் உள்ள வல்லுநர்கள் அவரோடு சேர முன்வரவில்லை. வந்தவர்கள் தொல்லியல், மானுடவியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அந்த மாணவர்கள்தான் அர்ஜென்டினத் தடய மானுடவியல் குழுவை உருவாக்கினார்கள். 1985இல் ராணுவத் தளபதிகள் மீதான விசாரணையில் ஸ்னோ சாட்சி சொன்னார். ராணுவத்தோடு நடந்த மோதலில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் எலும்புகளைப் படமாகக் காட்டினார். மண்டையோட்டில் மிக அருகிலிருந்து சுட்ட காயம். இடுப்பெலும்பில் அவள் பிள்ளை பெற்றிருந்ததற்கான அடையாளம். அப்படியானால் பிள்ளை எங்கே என்ற கேள்வி தானாக எழுந்தது. மோதல் என்ற சொல்லை நாம் 'என்கவுண்டர்' என்று அறிவோம்.

அதே குழு பிறகு பல நாடுகளுக்குப் போனது. 1997இல் பொலிவியாவில் கியூப வல்லுநர்களோடு சேர்ந்து சே குவேராவின் எலும்புகளை அடையாளம் கண்டதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. கைகள் வெட்டப்பட்டிருந்ததே அந்த உடலின் முதல் அடையாளம்.

அஜ்னாலாவின் கிணறு

நம் நாட்டில் அக்கறை இருந்தும் முறை இல்லாததால் என்ன இழந்தோம் என்பதற்கு பஞ்சாபின் அஜ்னாலா சாட்சி. 1857இல் ஆயுதம் பறிக்கப்பட்டு லாகூரிலிருந்து தப்பி வந்த 26ஆவது காலாட்படையின் சிப்பாய்கள் 282 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். அமிர்தசரஸ் துணை ஆணையர் கூப்பர், தான் செய்ததைத் தானே பெருமையாக எழுதி வைத்தார். உடல்கள் ஒரு கிணற்றில் போடப்பட்டன.

2014இல் அந்தக் கிணற்றை உள்ளூர் ஆர்வலர்கள் தோண்டினார்கள். தியாகிகளை மீட்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தொல்லியலாளர்களோ மானுடவியலாளர்களோ முன்னின்று நடத்தவில்லை. எலும்புகள் உடைந்தும் கலந்தும் வெளியே வந்தன. எந்த மண்டையோடு எந்த உடலுக்கு உரியது என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. பஞ்சாப் பல்கலைக்கழக மானுடவியலாளர் செஹ்ராவத், ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு மிஞ்சிய பற்களை நம்பியே வேலை செய்தது. 50 மாதிரிகளில் டிஎன்ஏ, 85 மாதிரிகளில் ஐசோடோப்பு. கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவர்கள் இவர்கள் என்று 2022இல் முடிவு வெளியிட்டார்கள். கூட்டத்துக்கு ஊர் கிடைத்தது. தனி மனிதனுக்குப் பேர் கிடைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு பிடித்த மம்பட்டியும் சான்றை அழிக்கும்.

முத்துக்கடலின் மறுகரை

நம் கரையிலிருந்து வள்ளம் எடுத்துக் கிழக்கே போனால் மன்னார். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இரண்டும் ஒரே தொழிற்களம். இங்கே மூழ்கிய ஆள்தான் அங்கேயும் மூழ்கினான். அந்த மன்னார் நகரத்தில் 2018இல் சதொச கட்டடம் கட்டத் தோண்டிய மண்ணில் எலும்புகள் இருந்தன. நீதிமன்ற உத்தரவின்பேரில் அகழ்வு நடந்தது. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அதில் பணிபுரிந்தார். குழந்தைகள் உட்பட 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. ஒரு பகுதியில் உடல்கள் முறையாகப் புதைக்கப்பட்டவை போலவும், இன்னொரு பகுதியில் ஒழுங்கில்லாமல் குவிக்கப்பட்டவை போலவும் இருந்தன.

ஆறு மாதிரிகள் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பப்பட்டன. போனது எங்கே? நம் சிவகளை உமி போன அதே பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் அதை நம்ப மறுத்தார்கள். அகழ்வு நின்றது.

இங்கே நாம் நிதானமாகப் பேச வேண்டும். சிவகளைக்கு வந்த முடிவைக் கைதட்டி வரவேற்றுவிட்டு, மன்னாருக்கு வந்த முடிவைச் சதி என்று மட்டும் தள்ளிவிட்டால் நம் நேர்மை கேள்விக்குள்ளாகும். அறிவியலாகவே கேட்போம். 300க்கு மேற்பட்ட உடல்களுக்கு ஆறு மாதிரி போதுமா? இரண்டு விதமாகப் புதைக்கப்பட்ட இரண்டு பகுதிகளிலிருந்தும் போதுமான மாதிரி எடுக்கப்பட்டதா? கடல்மீனை அதிகம் உண்டவர்களின் எலும்பு உண்மைக் காலத்தைவிடப் பழையதாகக் காட்டும் என்பது காலக்கணிப்பில் தெரிந்த செய்தி. மீன் தின்று வளர்ந்த கரையில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா? இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தத் திருத்தத்தால் 15ஆம் நூற்றாண்டு எலும்பு 1990ஆம் ஆண்டு எலும்பாக மாறிவிடாது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பனைக் கூட்டியதால், அதன்பின் வளர்ந்த உடல்களில் அந்த அடையாளம் தனியாகத் தெரியும். எனவே சோதிக்கப்பட்ட அந்த ஆறு எலும்புகள் பழையவை என்பதை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். மீதமுள்ளவற்றைச் சோதிக்கச் சொல்லும் உரிமையையும் விடக் கூடாது.

பழைய எலும்பு என்றால் கோப்பை மூடிவிடலாமா? ஆய்வகம் சொன்ன அதே காலவரம்புக்குள்தான் 1544 வருகிறது. பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கரையில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஆண்டில், மன்னாரில் கிறிஸ்தவத்துக்கு மாறிய கடலோர மக்கள் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் கொன்றான் என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. 1560இல் போர்த்துகீசியர் மன்னாரைப் பிடித்தார்கள். சதொச குழி இவர்களுடையது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சான்று இல்லை. கடலில் பாடுபட்ட மக்கள் கூட்டமாகச் செத்திருந்தால் அது 500 ஆண்டுக்கு முன் நடந்ததானாலும் வரலாற்றின் கேள்விதான் என்கிறோம். பழையது என்ற சொல் தொல்லியலில் ஆய்வின் தொடக்கம். புலனாய்வில் அதே சொல் முடிவாகிவிடுகிறது.

காலக்கணிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மாத்தளையும் சாட்சி. 2012இல் மருத்துவமனை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. கூடக் கிடைத்த பொருட்களைக் கொண்டு சோமதேவ 1986-1990 என்றார். அது ஜேவிபி கிளர்ச்சி நசுக்கப்பட்ட காலம். அரசு அமைத்த ஆணையம் 1950களுக்கு முற்பட்டவை என்றது. செத்தவர்கள் சிங்கள இளைஞர்களாக இருந்தாலும் அரசுக்குப் பழைய எலும்புதான் வசதி.

செம்மணி

1996 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிய பள்ளி மாணவி கிருஷாந்தி, செம்மணிச் சோதனைச் சாவடியில் ராணுவத்தினரால் சிதைத்துக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் அந்த வழக்கில் தண்டனை பெற்ற ராணுவத்தான் ஒருவன், செம்மணியில் இன்னும் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு கால் நூற்றாண்டு மௌனம்.

2025 பிப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எரிகொட்டகை கட்ட மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. இந்த முறை சதுரம் கட்டி, தூரிகை பிடித்து, ரேடார் கொண்டு நிலத்தை அலசி வேலை நடந்தது. செப்டம்பருக்குள் 230க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. ஒரு குழந்தையின் எலும்போடு நீலநிறப் பள்ளிப் பை ஒன்றும் இருந்தது. பொம்மையும் பால்புட்டியும் கிடைத்தன.

மயானத்தில் எலும்பு கிடைப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு இங்கேதான் தொல்லியல் பதில் சொல்கிறது. ஆழமில்லாத குழி, ஒழுங்கில்லாத கிடப்பு, ஒன்றோடு ஒன்று பின்னிய உடல்கள். இவற்றையெல்லாம் இருந்த இடத்திலேயே பதிவு செய்ததால்தான் இது சாதாரண மயானப் புதைப்பு அல்ல என்று வாதாட முடிகிறது. நம் மதுரை மாவட்டத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. கிரானைட் முறைகேட்டை விசாரித்த சட்ட ஆணையர் சகாயம், நரபலிப் புகாரின்பேரில் 2015 செப்டம்பரில் மேலூர் அருகே சின்னமலம்பட்டி மயானத்தைத் தோண்டச் சொன்னார். வர வேண்டியவர்கள் வரத் தாமதித்தபோது, தடயம் கலைந்துவிடக் கூடாது என்று இரவு முழுவதும் மயானத்திலேயே படுத்துக் காவல் காத்தார். ஓர் அதிகாரி சுடுகாட்டில் படுத்தது செய்தியாயிற்று. குழியிருக்கும் இடத்தைக் காப்பது புலனாய்வின் முதல் கடமை என்ற பாடம் செய்தியாகவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மன்னாரில் கட்டட வேலை. 52 பேரின் எலும்புகள் கிடைத்த முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. செம்மணியில் எரிகொட்டகை வேலை. இந்தக் குழிகளை முதலில் கண்டது புலனாய்வாளரோ நீதிபதியோ இல்லை. கூலிக்கு மண் வெட்டிய தொழிலாளி.

குழி வெட்டும் கை

இப்போது சாதிக்கு வருவோம். தமிழ்நாட்டு ஊர்களில் குழி வெட்டுவது யார் வேலையாக ஆக்கப்பட்டது என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. ஊரின் பிணங்களையெல்லாம் அடக்கம் செய்யச் சொன்ன சாதிச் சமூகம், அடக்கம் செய்தவரின் பிணத்துக்குப் பாதை தரவில்லை. 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நம்முடைய சாவு எப்போதும் அரசியலாகவே இருந்திருக்கிறது.

எலும்பை அளக்கும் அறிவியலையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ரிஸ்லியும் தர்ஸ்டனும் மூக்கையும் தலையையும் அளந்து சாதிக்கு இனச்சாயம் பூசினார்கள். அம்பேத்கர் அந்த அளவுகளைத் தூக்கி எறியவில்லை. அவற்றையே எடுத்து, பிராமணனும் தீண்டப்படாதவனும் ஒரே இனம் என்று அவர்களுடைய எண்களாலேயே காட்டினார். கருவி எதிராளியின் கையில் இருந்தது என்பதற்காக அதை ஒதுக்காமல், கற்றுக்கொண்டு திருப்பிப் பிடித்தார். தடயத் தொல்லியலிலும் நமக்கு அதுவே வழி.

மயானத் தொழிலாளியிடம் இருக்கும் அறிவை அறிவாகவே யாரும் எண்ணுவதில்லை. எந்த மண்ணில் உடல் எத்தனை நாளில் கரையும், எந்தக் குழி புதிது, எது மறுபடி வெட்டப்பட்டது என்று அவருக்குத் தெரியும். மண்ணின் நிறத்தையும் இறுக்கத்தையும் கைப்பழக்கத்தால் படிக்கிறவர் அவர். தொல்லியலாளர் ஆண்டுக்கணக்கில் பயின்று பெறும் கண் அது. ஆனாலும் தோண்டியெடுக்கும்போது அவர் வெறும் கூலி. அறிக்கையில் பேர் இல்லை, கையுறைகூட இல்லை.

பேசத் துணிந்தால் என்ன நடக்கும் என்ற அச்சமும் இருக்கிறது. கர்நாடகத்தின் தர்மஸ்தலாவில் 1995 முதல் 2014 வரை பல உடல்களைப் புதைக்க வைக்கப்பட்டதாக, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முன்னாள் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் 2025 ஜூலையில் புகார் கொடுத்தார். சிறப்புப் புலனாய்வுக் குழு அவர் காட்டிய இடங்களைத் தோண்டியது. ஆகஸ்டில் பொய்ச்சாட்சியம் என்று அவரே கைது செய்யப்பட்டார். அந்தப் புகாரின் உண்மையை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் அடையாளம் தெரியாத உடல்களை நாடெங்கும் துப்புரவுத் தொழிலாளிகளின் கையில் கொடுத்துப் புதைக்கச் சொல்கிறோம். எந்த இடம், எந்த நாள், எந்த அடையாளம் என்ற பதிவு சரியாக இருந்தால், புகார் பொய்யானால் ஒரு நாளில் பொய் என்று தெரியும். மெய்யானால் ஒரு நாளில் மெய் என்று தெரியும்.

எரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் ஆதிக்க சாதி நினைக்கிறது. 2003இல் விருத்தாசலம் பகுதியில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்று உடல்களை எரித்தார்கள். சாட்சியங்களைக் கொண்டு நீதி வர 18 ஆண்டுகள் ஆயின. எரிந்த எலும்பு முழுக்க அழிவதில்லை; வெளுக்கும், சுருங்கும், வெடிக்கும், ஆனால் வடிவம் மிஞ்சும். சாம்பலைச் சலித்து எடுக்கத் தெரிந்தவர்கள் உடனே போனால் அதுவும் பேசும். ஆற்றில் கரைத்த பிறகு போனால் பேசாது.

நாம் கேட்பது

சட்டத்தில் இடம் இருக்கிறதா? புதைத்த உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கும் அதிகாரத்தைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆவது பிரிவு நடுவருக்குத் தந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 196ஆவது பிரிவு. இயன்றவரை உறவினருக்குத் தகவல் சொல்லி உடனிருக்க விட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எப்படித் தோண்ட வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஜேசிபி நுழைகிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று அதே புதிய சட்டத்தின் 176(3) சொல்கிறது. புதைகுழியும் சம்பவ இடம்தான் என்று நாம் வாதாட வேண்டும். 1991இல் உருவாகி 2016இல் திருத்தப்பட்ட ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறை, குழியைத் தோண்டும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. நம் வழக்கறிஞர்கள் அதை மனுக்களில் இணைக்க வேண்டும்.

2018 மே 22 துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, உடல்களைப் பாதுகாக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை நம் மாவட்டம் மறந்திருக்காது. உடலே சான்று என்பதைத் தூத்துக்குடி மக்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை மண்ணுக்குள் இருக்கும் உடலுக்கும் நீட்டச் சொல்கிறோம்.

நம் கோரிக்கைகள் சில. சந்தேக மரணத்தில் உடலைத் தோண்டியெடுக்கும்போது தொல்லியலோ தடய மானுடவியலோ பயின்ற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். குழியின் விளிம்பு அடையாளம் காணப்படும் முன் இயந்திரம் இறங்கக் கூடாது. எடுத்த மண் முழுவதும் சலிக்கப்பட வேண்டும். முதல் மம்பட்டியிலிருந்து கடைசி எலும்பு வரை காணொளிப் பதிவு வேண்டும். அதன் நகல் குடும்பத்துக்கு வேண்டும். மயானத் தொழிலாளிக்கு உரிய ஊதியம், கையுறை, முகக்கவசம், சாட்சிப் பாதுகாப்பு வேண்டும். மண்ணைப் பற்றி அவர் சொல்வது அறிக்கையில் அவர் பேரோடு ஏற வேண்டும். சோதனை முடிந்த எலும்புகள் ஆய்வக அலமாரியில் கிடக்காமல் குடும்பத்திடம் திரும்பி வர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியலும் தொல்லியலும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அந்த வகுப்புகளுக்குப் போக வேண்டும். அர்ஜென்டினாவில் அந்த வேலையைத் தொடங்கியவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். குழி வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் அந்தக் குழியைப் படிக்கிறவர்களாகவும், படித்ததை நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்கிறவர்களாகவும் ஆக வேண்டும்.

கொந்தகையில் 2,500 ஆண்டுக்கு முன் இறந்த இரண்டு பேருக்கு நாம் முகம் கொடுத்துவிட்டோம். நம் காலத்தில், நம் கண்முன்னே காணாமல் போனவர்களுக்கு முகம் இருக்கிறது. அவர்களுடைய தாய்மார்கள் அந்தப் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசல்களில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது எலும்பு. அதை ஒழுங்காக எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பதற்கு இவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்.